53 என்ற எண்: ஜிண்டோ நாயும் பாதுகாப்பின் வரலாறும்

(சற்றே நீண்ட பதிவு. வரலாறு, மானிடவியல், சூழலியல் பயிலும் மாணவர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

1938ஆம் ஆண்டு மே மாதம், கொரியாவை ஆண்டுகொண்டிருந்த ஜப்பானியத் தலைமை ஆளுநரகம் ஒரு நாயினத்தை ‘இயற்கை நினைவுச்சின்னம்’ என அறிவித்தது. கொரியத் தீபகற்பத்தின் தென்மேற்கு மூலையில் உள்ள ஜிண்டோ தீவின் நாய் அது. பட்டியலில் அதற்கு வழங்கப்பட்ட எண் 53. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1940இல், அதே ஆளுநரகம் நாய்த்தோல் விற்பனையைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரும் ஆணையைப் பிறப்பித்தது. போர்முனையில் இருந்த படைவீரர்களின் குளிராடைகளுக்குத் தோல் தேவைப்பட்டது. தீபகற்பம் முழுவதும் நாய்கள் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டன. போர் முடிவதற்குள் அவ்வாறு கொல்லப்பட்டவை பத்து லட்சத்துக்கும் மேல் என்பது கொரிய ஆய்வாளர்கள் பலரும் எடுத்துக்கூறும் மதிப்பீடு.

ஒரே அரசு, ஏறத்தாழ ஒரே காலம். ஒரு நாய் நினைவுச்சின்னம் ஆயிற்று. மற்ற நாய்கள் மூலப்பொருள் ஆயின. இவ்விரண்டு செயல்களையும் முரண்பாடு என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. ஆனால் ஒரு பட்டியலில் சிலவற்றைச் சேர்க்கும்போது, சேர்க்கப்படாதவற்றின் மீது என்ன செய்யலாம் என்பதும் சொல்லாமலே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. ஜிண்டோ நாயின் சட்டப் பாதுகாப்பு வரலாறு இதைத் தெளிவாகக் காட்டும் ஒரு சான்று. அந்தக் கோட்டை முதலில் வரைந்தவர் யார், பின்னர் வந்தவர்கள் அதை என்ன செய்தார்கள் என்பதே இப்பதிவின் பொருள்.

சொல்லின் பயணம்

‘இயற்கை நினைவுச்சின்னம்’ என்பது முதல் பார்வையிலேயே விநோதமான சொற்சேர்க்கை. நினைவுச்சின்னம் மனிதர் எழுப்புவது; இயற்கை மனிதர் எழுப்பாதது. இரண்டையும் இணைத்த பெருமை ஜெர்மானிய அறிவியலாளர் அலெக்சாண்டர் ஃபொன் ஹம்போல்ட்டைச் சாரும். தென் அமெரிக்கப் பயணத்தின்போது வெனிசுவேலாவில் கண்ட மிகப் பழைய, மிக அகன்ற ஒரு மரத்தைப் பற்றி எழுதுகையில், பழங்கட்டடத்துக்குரிய மதிப்பை அவர் அம்மரத்துக்கு வழங்கினார். ஒரு நூற்றாண்டு கழித்து, பிரஷ்யாவில் ஹூகோ கோன்வென்ட்ஸ் என்ற தாவரவியலாளர் அக்கருத்தை அரசு நிர்வாகத்துக்குள் கொண்டுவந்தார். 1906இல் டான்சிக் நகரில் இயற்கை நினைவுச்சின்னங்களுக்கென அரசு அலுவலகம் அவர் பொறுப்பில் நிறுவப்பட்டது.

ஜெர்மனியில் பயின்று திரும்பிய ஜப்பானியத் தாவரவியலாளர் மியோஷி மனாபு இக்கருத்தைத் தம் நாட்டில் பரப்பினார். ஜெர்மானியச் சொல்லின் ஜப்பானிய மொழியாக்கம் ‘தென்னென் கினென்புத்சு’. 1919இல் வரலாற்றுத் தலங்கள், எழில்மிகு இடங்கள், இயற்கை நினைவுச்சின்னங்கள் ஆகியவற்றைப் பேணும் சட்டம் ஜப்பானில் இயற்றப்பட்டது. 1933இல் அதையொத்த ஆணை கொரியாவில் ஆளுநரகத்தால் பிறப்பிக்கப்பட்டது. அதே சீன எழுத்துகளைக் கொரிய ஒலிப்பில் படித்தால் ‘சொன்யொன் கின்யொம்முல்’. டேகு நகரையொட்டிய ஒரு மரத்தோப்பு முதல் எண்ணைப் பெற்றது. மரங்கள், பறவைகள், அவற்றின் வாழிடங்கள் எனப் பட்டியல் வளர்ந்தது. ஒரு ஜெர்மானியரின் வியப்பு மூன்று மொழிகளைக் கடந்து கொரியத் தீவொன்றின் நாய்க்குச் சட்டப்பெயராக வந்து சேர்ந்த கதை இது. கருத்துகளின் வரலாற்றைப் பயில்வோர், ஒரு சொல் எல்லை கடக்கும்போது அதனுடன் எத்தகைய அதிகாரமும் கடந்து வருகிறது என்பதை இங்கே கவனிக்கலாம்.

பேரரசின் நாய்கள்

மரத்தை நினைவுச்சின்னமாக்குவது ஒன்று. நாயை ஆக்குவது வேறு. நாய் வளர்ப்பு விலங்கு. மனிதர் தேர்ந்து, கலந்து, பழக்கி உருவாக்கியது. அதை ‘இயற்கை’ என்ற பிரிவுக்குள் கொண்டுவர ஒரு வாதம் தேவைப்பட்டது. அந்த வாதம் ஜப்பானில் 1920களிலும் 1930களிலும் உருவாயிற்று.

மெய்ஜி காலத்தில் மேலைநாட்டு நாய்கள் நாகரிகத்தின் அடையாளமாகக் கருதப்பட்டன. உள்ளூர் நாய்கள் தெருநாய்களாக இழிவுபடுத்தப்பட்டன; அவற்றில் பல கலப்பினங்களாக மாறின. இதற்கு எதிர்வினையாக, 1928இல் சைதோ ஹிரோகிச்சி என்பவர் ஜப்பானிய நாய்ப் பேணுகைச் சங்கத்தை நிறுவினார். மலைப்பகுதிகளில் எஞ்சியிருந்த நாய்களே தூய ஜப்பானிய நாய்கள் என்ற கருத்து வலுப்பெற்றது. நிமிர்ந்த காது, சுருண்ட அல்லது அரிவாள்போல் வளைந்த வால், நடுத்தர உடல், ஒரே தலைவனிடம் மட்டும் பற்று ஆகியவை அத்தூய்மையின் அடையாளங்களாக வகுக்கப்பட்டன. 1931இல் அகிதா இனம் இயற்கை நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. தொடர்ந்து 1934இல் காய், கிஷூ, கோஷி இனங்களும், 1936இல் ஷிபாவும், 1937இல் ஷிகோகு, ஹொக்காய்டோ இனங்களும் பட்டியலில் சேர்ந்தன.

இறந்த தலைவனுக்காக ஷிபுயா தொடர்வண்டி நிலையத்தில் காத்திருந்த அகிதா நாய் ஹச்சிகோ நாடெங்கும் புகழ்பெற்றதும் இதே காலத்தில்தான். 1934இல், அது உயிரோடிருக்கும்போதே, அதற்கு வெண்கலச் சிலை எழுப்பப்பட்டது. நாயின் விசுவாசம் குடிமகனின் விசுவாசத்துக்குப் பாடமாக்கப்பட்டது. 1930களின் ஜப்பானிய நாய்ப் பேணுகை, தேசியவாதத்தோடும் இராணுவ மனப்பாங்கோடும் எவ்வாறு பின்னிப் பிணைந்திருந்தது என்பதை வரலாற்றாசிரியர் ஆரன் ஸ்கேப்லண்ட் பேரரசுக்கால நாய்கள் பற்றிய தம் நூலில் விரிவாக எழுதியுள்ளார்.

பட்டியலில் இடம்பெற்ற கோஷி இனம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முற்றாக அற்றுப்போயிற்று. நினைவுச்சின்னம் என்ற பட்டம் ஓர் இனத்தின் தொடர்ச்சிக்கு உறுதிமொழி ஆகாது என்பதற்கு அதுவே சான்று. 1944இல் ஹச்சிகோவின் வெண்கலச் சிலையும் போர்த்தேவைக்கான உலோகமாக எடுத்துச்செல்லப்பட்டது. இன்று அங்கே நிற்பது 1948இல் மீண்டும் வடிக்கப்பட்டது.

ஜிண்டோ எவ்வாறு பட்டியலுக்குள் வந்தது

ஏழு ஜப்பானிய இனங்கள் பட்டியலில் இடம்பெற்ற மறு ஆண்டு ஜிண்டோ நாய் அறிவிக்கப்பட்டது. இவ்வரிசை தற்செயலானதாகத் தோன்றவில்லை. கெய்ஜோ பேரரசுப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மோரி தமேசோ என்ற ஜப்பானிய உயிரியலாளர் தீவின் நாய்களை ஆராய்ந்து பரிந்துரைத்தார். கெய்ஜோ என்பது அன்றைய ஆட்சியாளர் சியோலுக்கு வைத்திருந்த பெயர். ஜிண்டோ நாய்க்கும் நிமிர்ந்த காது. அதன் வாலும் சுருண்டும் வளைந்தும் நிற்கும். ஜப்பானிய நாய்களோடு அதற்குள்ள உருவ ஒற்றுமை மோரியின் பார்வையில் முக்கியத்துவம் பெற்றது.

அக்காலச் சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1936இல் பொறுப்பேற்ற தலைமை ஆளுநர் மினாமி ஜிரோவின் முழக்கம் ‘நைசென் இத்தாய்’. ஜப்பானும் கொரியாவும் ஒரே உடல் என்பது அதன் பொருள். பள்ளிகளில் கொரிய மொழியின் இடம் சுருங்கியது. 1940 முதல் கொரியர்கள் ஜப்பானியக் குடும்பப்பெயர் ஏற்க வற்புறுத்தப்பட்டனர். இரு நிலங்களும் தொல்பழங்காலத்திலேயே உறவுடையவை என்று காட்டக்கூடிய எதுவும் அந்த முழக்கத்துக்கு உதவியது. தீவின் நாயும் அவ்வாறு உதவியது என்று கொரிய ஆய்வாளர்கள் வாதிடுகின்றனர். கொரிய நாய் என்பதற்காக அது பாதுகாக்கப்படவில்லை, ஜப்பானிய நாயைப் போலிருந்ததால் பாதுகாக்கப்பட்டது என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

ஒரு வரலாற்றுக் குறிப்பை இங்கே சேர்ப்பது பொருத்தம். ஜிண்டோ தீவையும் பெருநிலத்தையும் பிரிக்கும் குறுகிய நீரிணையில்தான் 1597இல் கடற்படைத் தலைவர் யி சுன்-சின் 13 கப்பல்களைக் கொண்டு மாபெரும் ஜப்பானியக் கடற்படையைத் தடுத்து நிறுத்தினார். அதற்கும் முன்னர், 1270-71இல், மங்கோலியருக்குப் பணிய மறுத்த சம்ப்யொல்சோ படையினர் இத்தீவைத் தளமாகக் கொண்டனர். நாயின் தோற்றம் பற்றித் தீவில் வழங்கும் கதைகளும் இவ்வரலாற்றையே தொடுகின்றன. மங்கோலியர் தம் குதிரைப் பண்ணைகளைக் காக்கக் கொண்டுவந்தது என்பது ஒரு கதை. உடைந்துபோன சீனத்துச் சோங் வணிகக்கப்பலிலிருந்து கரையேறியது என்பது இன்னொன்று. இவற்றுக்கு ஆவணச் சான்று இல்லை. ஆனால் தீவு மக்களே சொல்லும் கதைகளில் நாய் எங்கிருந்தோ வந்தேறியது. ஆளுநரகத்தின் கோப்பில் அது தொன்மையும் தூய்மையும் உடையது. வாய்மொழி மரபு எளிதாக ஏற்றுக்கொண்ட கலப்பை, ஆவணத்தால் ஏற்க முடியவில்லை.

தோலின் கணக்கு

பட்டியலுக்கு வெளியே இருந்தவற்றுள் மிக அதிகமாக இழந்தது சப்சாலி. நீண்ட சடைமயிர் கண்களை மறைக்கும்; காதுகள் தொங்கும். ‘சப்’ என்றால் விரட்டுதல், ‘சல்’ என்றால் தீய ஆவி. ஆவிகளை விரட்டும் நாய் என்று மக்கள் அதற்குப் பொருள் சொல்வர். ஜோசோன் அரசவை ஓவியர் கிம் து-ர்யாங் 1743இல் தீட்டிய சடைநாய் ஓவியத்தில் மன்னர் யொங்ஜோ தம் கையாலேயே செய்யுள் எழுதியுள்ளார். அரண்மனைக்கும் குடிசைக்கும் பொதுவான நாயாக அது இருந்தது.

அதன் அடர்ந்த மயிர்தான் அதற்குக் கேடாயிற்று. தோல் கொள்முதலுக்கெனத் தனியுரிமை பெற்ற நிறுவனம் இருந்தது. கிராமங்களிலிருந்து நாய்கள் சேகரிக்கப்பட்டன. கொரியாவின் அடையாளத்தையே அழிக்கும் நோக்கில் சப்சாலி குறிவைக்கப்பட்டது என்று பரவலாக நம்பப்படுகிறது. ஆய்வு மாணவர்கள் இங்கே சற்றுக் கவனமாக இருக்க வேண்டும். போரின் இறுதிக் கட்டத்தில் ஜப்பானிலும் வீட்டு நாய்கள் ‘நன்கொடை’யாகத் திரட்டப்பட்டுத் தோலுரிக்கப்பட்டன. ஆகவே இதை இன வெறுப்பு என்ற ஒற்றைக் காரணத்தால் விளக்கிவிட முடியாது. வெறுப்பு இல்லாமலும் இவ்வளவும் நடந்திருக்கக்கூடும் என்பது அதைவிட அச்சமூட்டுகிறது. தோலுக்குத் தேவை இருந்தது. விலக்கு அளிக்கப்பட்ட நாய்களின் பட்டியல் இருந்தது. அப்பட்டியலில் சப்சாலி இல்லை. அலுவலருக்கு அவ்வளவே போதுமானதாக இருந்தது.

மறுபக்கத்தையும் நேர்மையுடன் பதிவுசெய்ய வேண்டும். 1938ஆம் ஆண்டு அறிவிப்பு இல்லாதிருந்தால் ஜிண்டோ நாயும் அதே முடிவை எய்தியிருக்கக்கூடும். பேரரசின் உள்நோக்கத்தோடு வழங்கப்பட்ட பாதுகாப்பு, உண்மையிலேயே உயிர்களைக் காத்தது. நோக்கம் தவறானது என்பதால் விளைவை மறுக்கவோ, விளைவு நல்லது என்பதால் நோக்கத்தை மறக்கவோ வரலாற்று மாணவருக்கு உரிமை இல்லை.

விடுதலைக்குப் பின் அதே எண்

1945இல் ஜப்பானிய ஆட்சி முடிந்தது. நாடு பிளவுண்டது, போர் மூண்டு ஓய்ந்தது. 1962இல் தென்கொரியா தன் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டம் ஜப்பானின் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெரிதும் பின்பற்றியது. ‘பண்பாட்டுச் சொத்து’ என்ற கலைச்சொல்லும் அங்கிருந்து வந்ததே. அந்த ஆண்டு டிசம்பரில் ஜிண்டோ நாய் மீண்டும் இயற்கை நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. எண் மாறவில்லை: 53. காலனிய அரசு தன் காரணங்களுக்காகத் தேர்ந்தெடுத்த நாய், விடுதலை பெற்ற நாட்டின் தேசிய நாயாயிற்று.

காலனியத்துக்குப் பிந்தைய அரசுகள் பலவற்றிலும் இதே நிகழ்வைக் காண்கிறோம். ஆட்சியாளர் வெளியேறிவிடுவர், அவர்கள் தொகுத்த பட்டியல் மேசைமீது இருக்கும். புதிய அரசு அதன் தலைப்பை மாற்றி, உள்ளடக்கத்தை வைத்துக்கொள்ளும்.

1967 ஜனவரியில் ஜிண்டோ நாய்க்கென்றே தனிச்சட்டம் பிறந்தது. ஒற்றை நாயினத்துக்காக ஒரு நாடாளுமன்றம் சட்டம் இயற்றுவது அரிது. ஜிண்டோ மாவட்டம் காப்புப் பகுதியானது. அனுமதியின்றித் தீவிலிருந்து ஜிண்டோ நாயை வெளியே கொண்டுசெல்லக் கூடாது. வேற்றின நாயை உள்ளே கொண்டுவரவும் கட்டுப்பாடு. வளர்ந்த குட்டிகள் தேர்வுக்கு உட்படுத்தப்படும். உயரம், காதின் நிமிர்வு, வாலின் வளைவு, மயிரின் நிறம் எல்லாம் அளந்து பார்க்கப்படும். தேறியவை பதிவேட்டில் ஏறும். தேறாதவை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கப்படும், அல்லது எல்லைக்கு அப்பால் அனுப்பப்படும்.

இச்சட்டம் காப்பது எதை என்று கூர்ந்து கேட்க வேண்டியுள்ளது. இச்சட்டத்தின் பார்வையில் நாய் என்பது ஒரு வடிவமும் ஓர் இடமும் சேர்ந்தது. தீவில் பிறந்து, அளவுகோலுக்குள் அடங்கும் நாய் நினைவுச்சின்னம். அதே தாயின் வயிற்றில் பிறந்து காது மடங்கிய குட்டி நினைவுச்சின்னம் ஆகாது. தீவின் நாய்களுள் கருப்பு, வரிப்புலி நிறம், கண்களுக்கு மேல் புள்ளிகள் கொண்ட ‘நான்கு கண்’ நாய் எனப் பல வகைகள் இருந்தும், மஞ்சளும் வெள்ளையுமே நெடுங்காலம் முதன்மை பெற்றன. தீவுக்கு வெளியே பிறந்த ஜிண்டோ நாய்க்கு அந்த இயற்கை நினைவுச்சின்னத் தகுதி இல்லை. 1984இல் ஜிண்டோவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலம் திறக்கப்பட்டது. கடல் செய்துவந்த வேலையை அதன் பின்னர் முழுக்கச் சட்டமே செய்ய வேண்டியதாயிற்று.

திருத்தங்கள்: 1992, 2012

பட்டியலில் விடுபட்டவற்றை மீட்கும் முயற்சி பல்கலைக்கழகத்திலிருந்து தொடங்கியது. 1960களின் இறுதியில் கியோங்புக் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் எஞ்சியிருந்த சப்சாலி நாய்களைத் தேடி ஏறத்தாழ முப்பதைச் சேகரித்தனர். 1980களின் நடுப்பகுதியில் அவற்றின் வழியில் எஞ்சியவை எட்டு மட்டுமே. அவர்களுள் ஒருவரின் மகனும் அதே பல்கலைக்கழகத்தில் மரபியல் பயிற்றுவித்தவருமான ஹா ஜி-ஹொங் அந்த எட்டிலிருந்து இனத்தை மீட்டெடுக்கும் பணியை ஏற்றார். 1992 மார்ச்சில் கியோங்சான் நகரின் சப்சாலி 368ஆம் இயற்கை நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

2012 நவம்பரில் கியோங்ஜு நகரின் டோங்க்யோங்கி 540ஆம் எண்ணைப் பெற்றது. வால் மிகக் குட்டையாக இருக்கும், அல்லது இராது. கியோங்ஜு பழைய சில்லா அரசின் தலைநகரம். ‘டோங்க்யோங்’ என்பது கொர்யோ காலத்தில் அதற்கு வழங்கிய பெயர். 17ஆம் நூற்றாண்டு நகர வரலாற்றுத் தொகுப்பொன்று அவ்வூரின் குட்டைவால் நாய்களைக் குறிப்பிடுகிறது. வால் இல்லாததையே குறைபாடாகக் கருதி மக்கள் அதை நெடுங்காலம் ஒதுக்கி வந்தனர். பின்னர் அதே குறை அதன் சிறப்பு அடையாளமாகச் சட்டத்தில் எழுதப்பட்டது.

இவ்விரு அறிவிப்புகளும் நியாயமான திருத்தங்கள். எனினும் திருத்தம் பட்டியலை நீட்டியதேயன்றி, பட்டியல் இயங்கும் முறையை மாற்றவில்லை. எட்டு நாய்களிலிருந்து வளர்ந்த இனத்தில் மரபணு வேறுபாடு குறுகியிருப்பது இயல்பு. அப்படியிருந்தும் சடைமயிர்ச் சப்சாலிகளுக்கு அவ்வப்போது குறுமயிர்க் குட்டிகள் பிறக்கின்றன. நீண்ட மயிரே இனத்தின் இலக்கணம் என்று எழுதிவைத்த பின்னர், அக்குட்டிகளை எந்தப் பெயரால் அழைப்பது என்ற கேள்வி எழுந்தது. உயிர் தன் பன்மையைத் தொடர்ந்து ஈன்றுகொண்டே இருக்கிறது. இலக்கணம் அதை ஒவ்வொரு முறையும் பிழை என்று குறிக்கிறது.

இரு அரசுகள், இரு நாய்கள்

வடக்கே நிகழ்ந்ததையும் காண வேண்டும். மலைப்பகுதி வேட்டைநாயான புங்சான் இனத்தை 1942இல் ஆளுநரகம் பட்டியலில் சேர்த்திருந்தது. பிரிவினைக்குப் பின் அந்நிலம் வடகொரியாவுக்குரியதாயிற்று. தென்கொரியப் பட்டியலில் அந்த நாய்க்கு இடமில்லை. வடகொரியா அதைத் தன் பட்டியலில் சேர்த்து 368 என்ற எண்ணை வழங்கியது. தெற்கில் சப்சாலிக்குப் பின்னாளில் கிடைத்ததும் அதே எண். தற்செயலான ஒற்றுமைதான், ஆயினும் இரு அரசுகளும் ஒரே வகைப் பட்டியலையே எழுதிக்கொண்டிருந்தன என்பதற்கு இது ஒரு சிறு அடையாளம். 1990இல் புங்சான் மாவட்டத்தின் பெயர் கிம் இல்-சுங்கின் சித்தப்பா பெயரால் மாற்றப்பட்டது. ஊர்ப்பெயர் மறைந்தது, நாயின் பெயரில் மட்டும் அது நிலைத்திருக்கிறது.

2000 ஜூனில் நடந்த முதல் உச்சிமாநாட்டையொட்டி வடகொரியத் தலைவர் கிம் ஜொங்-இல் இரு புங்சான் நாய்களையும், தென்கொரிய அதிபர் கிம் டே-ஜங் இரு ஜிண்டோ நாய்களையும் பரிமாறிக்கொண்டனர். ஜிண்டோ நாய்களின் பெயர்கள் ‘அமைதி’, ‘ஒற்றுமை இணைவு’ என்று பொருள்படுவன. 2018இல் கிம் ஜொங்-உன் அதிபர் மூன் ஜே-இன்னுக்குச் சொங்காங், கோமி என்ற இரு புங்சான் நாய்களை அளித்தார். 2022இல் மூனின் பதவிக்காலம் முடிந்தபோது ஒரு சட்டச்சிக்கல் எழுந்தது. அதிபருக்கு வரும் அரசுப் பரிசுகள் அதிபர் ஆவணங்கள். ஆவணங்கள் ஆவணக்காப்பகத்துக்கு உரியவை. ஆகவே அந்நாய்களும் சட்டப்படி ஆவணங்கள். அவற்றை அவர் தம் வீட்டில் வளர்ப்பதற்கான விதி உரிய காலத்தில் வகுக்கப்படவில்லை. பராமரிப்புச் செலவு பற்றிய அரசியல் சர்ச்சையினூடே, அவ்வாண்டு நவம்பரில் நாய்கள் அரசிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டன. டிசம்பரில் குவாங்ஜு நகர விலங்குக்காட்சி சாலையைச் சென்றடைந்தன.

இச்செய்தியைப் பலர் வேடிக்கையாக வாசித்தனர். 1938 முதல் இக்கதையைத் தொடர்ந்து வருவோருக்கு அதில் வேடிக்கை குறைவு. நாயை நினைவுச்சின்னமாகவும், தேசிய அடையாளமாகவும், தூதுப் பரிசாகவும் பார்த்துப் பழகிய சட்டமொழி, அதை ஓர் ஆவணமாகப் பார்ப்பதற்கு அதிகத் தொலைவு போக வேண்டியிருக்கவில்லை.

எல்லைக்கோட்டின் இருபுறமும்

1988 சியோல் ஒலிம்பிக் தொடக்கவிழாவில் ஜிண்டோ நாய்கள் அணிவகுப்பில் இடம்பெற்றன. அதே ஒலிம்பிக்கை முன்னிட்டு, தலைநகரின் முதன்மைச் சாலைகளில் இருந்த நாயிறைச்சி உணவகங்கள் வெளிநாட்டார் கண்ணில் படாதவாறு பின்தெருக்களுக்கு அகற்றப்பட்டன. ஒரு நாய் உலகத்துக்குக் காட்டப்பட்டது. பிற நாய்கள் மறைக்கப்பட்டன. இறைச்சிப் பண்ணைகளில் இருந்த நாய்களுள் ஜிண்டோ கலப்பின நாய்களும் ஏராளம். அதே முகம், அதே காது, அதே வால். பதிவு எண் மட்டும் இல்லை. 2021இல் ஜிண்டோ தீவிலேயே இயங்கிய ஓர் இறைச்சி நாய்ப் பண்ணையிலிருந்து விலங்குநல அமைப்புகள் நாய்களை மீட்டன. அவற்றுள் சில இயற்கை நினைவுச்சின்னமாகப் பதிவு செய்யப்பட்டவை என்று தெரியவந்தபோது நாடே அதிர்ந்தது. அந்த அதிர்ச்சியை ஆராய்ந்து பார்க்க வேண்டும். பதிவு பெற்ற சில நாய்கள் அங்கே இருந்தது செய்தியாயிற்று. பதிவு பெறாத மற்றவை அங்கே இருந்தது வழக்கமாகக் கருதப்பட்டது.

அதே 2021 நவம்பரில் தென்கொரிய அரசு தேசியச் செல்வங்களுக்கும் இயற்கை நினைவுச்சின்னங்களுக்கும் வழங்கிவந்த வரிசை எண்களை அதிகாரபூர்வப் பெயர்களிலிருந்து நீக்கியது. எண்ணைத் தகுதி வரிசையாக மக்கள் தவறாகக் கருதுகின்றனர் என்பது கூறப்பட்ட காரணம். காலனிய காலம் தொட்டு நீடித்த 53 அவ்வாறு மறைந்தது. 2024 மே மாதம் ‘பண்பாட்டுச் சொத்து’ என்ற கலைச்சொல்லும் கைவிடப்பட்டு ‘தேசிய மரபுரிமை’ என்ற சொல் நடைமுறைக்கு வந்தது. ‘இயற்கை நினைவுச்சின்னம்’ என்ற சொல் மட்டும் இன்றும் நீடிக்கிறது.

ஆனால் இவ்வரலாற்றில் உண்மையான திருப்பம் மரபுரிமைச் சட்டத்தில் நிகழவில்லை என்பது என் கருத்து. 2024 ஜனவரி 9 அன்று தென்கொரிய நாடாளுமன்றம், உணவுக்காக நாய்களை வளர்ப்பதையும் கொல்வதையும் விற்பதையும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆதரவாக 208 வாக்குகள், எதிராக ஒன்றுமில்லை. மூன்று ஆண்டு அவகாசத்துக்குப் பின், 2027 பிப்ரவரி முதல் மீறுவோருக்குத் தண்டனை. அச்சட்டம் காதை அளக்கவில்லை, வாலைப் பார்க்கவில்லை, பிறந்த தீவைக் கேட்கவில்லை. அது பேசுவது நாயைப் பற்றி. இனத்தைப் பற்றி அன்று. 1938 தொடங்கி 86 ஆண்டுகள் நாய்களைத் தரம்பிரித்தே காத்துவந்த சட்டமரபில், பெயரற்ற நாயும் நாய் என்ற ஒரே காரணத்தால் இறைச்சிக் கத்தியிலிருந்து விலக்குப் பெறுவது இங்கேதான்.

அதனால் எல்லாம் நிறைவெய்திவிட்டது என்று சொல்ல வரவில்லை. சட்டம் வந்தபோது பண்ணைகளில் இருந்த நாய்கள் 4.6 லட்சத்துக்கும் மேல் என்பது தென்கொரிய அரசே வெளியிட்ட கணக்கு. அவற்றுக்குத் தங்குமிடம் எங்கே, வளர்க்க முன்வருவோர் யார் என்பவை விடை காணாத கேள்விகள். தொழிலை இழக்கும் முதியவர்களான பண்ணையாளர்களின் வாழ்வும் அக்கேள்விகளுள் அடங்கும். நகர அடுக்குமாடிகளில் சிறிய மேலைநாட்டு நாய்களே விரும்பப்படுகின்றன. காப்பகங்களில் நெடுநாள் காத்திருப்பவற்றுள் ஜிண்டோ கலப்பின நாய்கள் மிகுதி. தேசிய நாயின் உறவினர்களுக்குத் தேசத்தில் இல்லம் கிடைப்பதில்லை; அவற்றுள் பல கடல்கடந்து அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் அனுப்பப்படுகின்றன.

பேணுகை பற்றி ஆய்வுசெய்ய விரும்பும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. பாதுகாக்கப்பட்ட ஓர் உயிரினத்தையோ கட்டடத்தையோ கலைவடிவத்தையோ ஆராயும்போது, அதன் பெயர் பட்டியலில் ஏறிய நாளையும் அதை ஏற்றிய கையையும் முதலில் தேடுங்கள். அடுத்து, அதே நாளில் பட்டியலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவை எவை என்று தேடுங்கள். முதல் தேடலுக்கு ஆவணக்காப்பகத்தில் கோப்பு இருக்கும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் கோப்பு இராது. தோல் நிறுவனத்தின் கொள்முதல் கணக்கிலோ, ஊர்க்கதையிலோ, பழைய ஓவியத்தின் ஓரத்திலோதான் அது கிடைக்கும். ஆய்வின் உழைப்பில் பெரும்பகுதியை அந்த இரண்டாவது தேடலுக்கே ஒதுக்குங்கள்.